ஹூஸ்டனில் விமானம் வாங்கப் போகும் தம்பிக்கு

தம்பி, ஊர் தேவிப்பட்டினம் என்று எழுதியிருந்தாய். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். வேறு ஊர்க்காரர் கேட்டிருந்தால் 'வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள்' என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். எனக்குத் தங்கச்சிமடம். இருபத்தேழு வருடமாக ஹூஸ்டன். இப்போது லீவில் வந்து அக்கா வீட்டுத் திண்ணையில் இருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம், ஊரே சும்மா இருக்கிறது. எழுத நேரம் உண்டு.

நீ கேட்டது இது: வந்து எட்டு மாதம், எச்-1பி என்கிற வேலை விசா, விமானம் ஓட்டப் பழகுகிறாய், 1978-ஆம் வருடத்துச் செஸ்னா 172 என்கிற சின்ன விமானம் ஒன்று 75,000 டாலருக்கு வருகிறது, எஞ்சின் 1,500 மணி நேரம் ஓடியிருக்கிறது. வாங்கினால் மாதம் என்ன செலவாகும், அதை எப்படிக் கணக்கு வைப்பது. கூடவே எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம், பிள்ளைக்கு எந்தப் பள்ளி, நம்மூர் மாதிரி மீன் கிடைக்குமா. வீட்டையும் பள்ளியையும் பற்றி உன் ஆபீஸில் எல்லாரும் சொல்வார்கள், கேட்காமலே சொல்வார்கள். அதை விடு.

முதலில் ஒன்று. எச்-1பியில் இருக்கிற நீ அங்கே உன் பெயரில் விமானத்தைப் பதிவு செய்ய முடியாது. குடியுரிமை வேண்டும், இல்லையென்றால் கிரீன் கார்டு வேண்டும். டிரஸ்ட் ஒன்றின் பெயரில் பதிவு செய்யும் வழி இருக்கிறது. அதற்கு வருடா வருடம் தனியாகக் கட்டணம். விற்கிறவர் இதை உன்னிடம் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார்.

1998 ஜூலையில் நான் வந்து இறங்கியபோது எனக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பெட்டி, ஒன்றில் பாதி கருவாடு. கூடத் தங்கியிருந்த இரண்டு பேர் மூன்றாம் நாளே அதைக் குப்பையில் போட்டுவிட்டு, எனக்குச் சுகாதாரம் பற்றி வகுப்பு எடுத்தார்கள். அப்புறம் ஒரு மாதத்தில் 1,100 டாலருக்கு ஒரு பழைய கார் வாங்கினேன். பார்த்து வாங்கித் தந்தவர் நம் ஆள், தமிழர்தான். பத்தொன்பதாம் நாள் கியர்பாக்ஸ் போனது. சரிசெய்ய 1,400 கேட்டார்கள். வாங்கிய விலையைவிட அதிகம்! நெடுஞ்சாலை ஓரத்தில், வெயிலில், அந்தக் காரின் மேல் சாய்ந்து நின்று அழுதிருக்கிறேன். உன் கேள்வியைப் படித்ததும் அந்த வெயில்தான் ஞாபகம் வந்தது.

வாங்கித் தந்தவர் மாதிரி ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். விமானத்துக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டு நின்று படம் போடுவார்கள். எவ்வளவு ஆகிறது என்று கேட்டால், 'மணிக்கு 54 டாலர்தான் பாஸ்' என்பார்கள். 54 எங்கிருந்து வந்தது? மணிக்கு 9 கேலன் பெட்ரோல், கேலன் 6 டாலர். அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. டீசல் காசை மட்டும் பார்த்துவிட்டுப் போட் வாங்குகிற சம்மாட்டியை நம் கடற்கரையில் என்ன சொல்வார்கள் என்று உனக்கே தெரியும்.

எங்கள் அப்பாவுக்கு ஒரு விசைப்படகு இருந்தது. கணக்கு எழுதியது அம்மா, நாற்பது பக்க நோட்டில். திங்கள், புதன், சனி தொழிலுக்குப் போய் வந்தால் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான், வலை தைத்த கூலி எல்லாம் ஒரு பக்கம். இறால், நண்டு, சங்காயம் என்கிற கழிவு மீன் விற்றது ஒரு பக்கம். எல்லா வீட்டிலும் அப்படித்தான் எழுதுவார்கள். அம்மா கூடுதலாக ஒன்று செய்தார். ஒவ்வொரு தடவை போட் கரைக்கு வந்ததும், மீன்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பங்கு பிரிப்பதற்கு முன்னால் எஞ்சின் காசு என்று ஒரு தொகையை எடுத்து அரிசிப் பானைக்குள் போடுவார். அப்பா அந்தப் பானையில் கைவைத்தது ஒரே தடவைதான், சந்தியாகப்பர் திருவிழாவுக்கு. அடுத்த மாதமே எஞ்சின் உடைந்தது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கினார். முன்பணம் வாங்கினால் பிடித்த மீனை அவரிடம்தான் போடவேண்டும், அவர் சொல்வதுதான் விலை. மூன்று வருடம் அந்தக் கடனில் ஓடினோம்.

விமானக் கணக்கும் இதேதான். பெட்ரோல், ஆயில், எஞ்சின் காசு, சில்லறை ரிப்பேர் எல்லாம் ஓட்டினால் ஆகிற செலவு. ஷெட் வாடகை, இன்சூரன்ஸ், வருடாந்திரப் பரிசோதனை இவை ஓட்டாவிட்டாலும் ஆகிற செலவு. இங்கே என் கண்ணெதிரில் வரிசையாகக் கட்டிக் கிடக்கிற போட்டுகளைப் பார். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள், ஒரு ரூபாய் வரவு கிடையாது. ஆனால் பெயின்ட் அடிக்கவேண்டும், பலகை மாற்றவேண்டும், கடலுக்குப் போகிற ஆட்களுக்கு முன்பணம் கொடுத்துப் பிடித்து வைக்கவேண்டும், வட்டி கட்டவேண்டும். ஓடாத போட்தான் அதிகம் தின்னும் என்று அப்பா சொல்வார்.

சரி, எண்களைப் போடுவோம். என் பக்கத்து நிலவரத்தை வைத்து உத்தேசமாகச் சொல்கிறேன், உன் இடத்துக்கு மாற்றிக்கொள். விமானம் நிறுத்துகிற ஷெட் மாதம் 300, வருடத்துக்கு 3,600. இன்சூரன்ஸ் 1,900, புதுப் பைலட் என்பதால் உனக்குக் கூடக் கேட்பார்கள். வருடாந்திரப் பரிசோதனை 2,000. அது பார்ப்பதற்கு மட்டும், பார்த்துக் கண்டுபிடித்ததைச் சரிசெய்ய வேறு. ரேடாருக்குப் பதில் அனுப்புகிற டிரான்ஸ்பாண்டர் கருவிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்யும் சோதனை, வரைபடச் சந்தா என்று ஒரு 500. மொத்தம் 8,000. இது நீ சாவியையே தொடாவிட்டாலும்.

ஓட்டினால் மணிக்குப் பெட்ரோல் 54, ஆயிலும் பில்டரும் 3, சில்லறை வேலைக்கு 15. எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க 36,000 என்று வை, கம்பெனி சொல்லும் ஆயுள் 2,000 மணி நேரம், மணிக்கு 18. கூட்டினால் 90.

வருடத்துக்கு 40 மணி நேரம் ஓட்டினால், 8,000-ஐ நாற்பதால் வகுத்து 200, அதோடு 90, ஆக மணிக்கு 290 டாலர். 100 மணி நேரம் ஓட்டினால் 170. விமானக் கிளப்பில் அதே 172 பெட்ரோலோடு 180-க்கு வாடகைக்குக் கிடைக்கிறது என்று வைத்தால், வருடத்துக்கு 89 மணி நேரம் ஓட்டினால்தான் இரண்டும் சமம். வாரத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் மணி நேரம், மழை, இடி, பிள்ளைக்குக் காய்ச்சல், ஆபீஸ் ரிலீஸ் எல்லாவற்றையும் மீறி. என் முதல் வருடத்தில் நான் ஓட்டியது 38 மணி நேரம். என் மனைவி நோட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இப்போது நீ பார்த்திருக்கிற விமானத்துக்கு வருகிறேன். 1,500 மணி நேரம் ஓடிய எஞ்சின். மணிக்கு 18 என்று நீ பானையில் போட்டால், மிச்சம் 500 மணி நேரத்தில் 9,000 சேரும். 27,000 துண்டு விழும். முதல் 1,500 மணி நேரத்துக்கான காசை விற்கிறவர் போட்டிருக்கவேண்டும். அவர் போடவில்லை, உன் தலையில் வைக்கிறார். ஒன்று, விலையில் அந்த 27,000-ஐக் குறைக்கச் சொல். இல்லை, மணிக்கு 18 அல்ல 72 என்று உன் நோட்டில் எழுது. சொந்த உபயோகத்துக்கு ஓட்டுகிறவருக்கு 2,000 என்பது சட்டம் இல்லை, அதற்கு மேலும் ஓடலாம் என்பார்கள். உண்மைதான். அதற்கு முன்னாலும் உடையலாம் என்பதும் உண்மைதான்.

எனக்கு உடைந்தது. 2011-இல் இன்னொரு தமிழரோடு கூட்டாக வாங்கினேன். கடலோர ஏர்போர்ட் ஒன்றில் வெளியே நிறுத்தி வைத்திருந்த விமானம், வருடத்தில் பத்து மணி நேரம்கூட ஓடாதது. மணி குறைவாக ஓடியிருக்கிறதே, நல்லதுதானே என்று நினைத்தேன். பாம்பன் தீவில் பிறந்து வளர்ந்தவன் நான், உப்புக் காற்று என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? 1914-இல் கட்டிய நம் பாலத்தையே அரித்து, 2022-இல் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில்தான் புதுப் பாலம் திறந்தார்கள். அந்த எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடவைக்கிற கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது. ஓட்டாமல் நிறுத்தினால் ஆயில் வடிந்துவிடும், காய்ந்த இரும்பில் துரு ஏறும். இரண்டாம் வருடம் ஆயில் பில்டரை வெட்டிப் பார்த்த மெக்கானிக், உள்ளே மினுமினுத்த இரும்புத் தூளைக் காட்டினார். பானையில் இருந்தது 1,300 டாலர். கடன் வாங்கினேன், அப்பா மாதிரியே. எனவே வாங்குவதற்கு முன்னால் நீ கூலி கொடுக்கிற மெக்கானிக் பார்க்கவேண்டும், விற்கிறவருடைய மெக்கானிக் அல்ல. 1978-இலிருந்து இன்றுவரை உள்ள பராமரிப்புப் புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று கேள். விமானம் எங்கே இருக்கிறது என்று தானாகவே அறிவிக்கிற ஏடிஎஸ்-பி கருவி பொருத்தியிருக்கிறதா என்றும் பார். 2020 ஜனவரி முதல் ஹூஸ்டன் வான்வெளியில் அது இல்லாமல் நகரமுடியாது.

கூட்டாளியைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். நல்ல மனிதர், கோயில் நிர்வாகத்தில் எல்லாம் இருந்தார். ஆனால் ஓட்டிவிட்டு நோட்டில் எழுதமாட்டார். எழுதினாலும் பெட்ரோல் பில்லோடு அன்றைய பிரியாணியையும் எழுதுவார். பெரிய சண்டை வந்தது மீட்டரில். ஹாப்ஸ் மீட்டர் கடிகார நேரத்தை எண்ணும். டாக் மீட்டர் எஞ்சின் சுற்றுக்குத் தகுந்தபடி எண்ணும், மெதுவாகச் சுற்றினால் குறைவாக ஏறும். நான் ஹாப்ஸில் காசு போட, அவர் டாக்கில் போட, வருடக் கடைசியில் கணக்கு உதைத்தது. எதில் வேண்டுமானாலும் எழுது, ஆனால் ஒன்றிலேயே எழுது. பராமரிப்புக்குப் பெரும்பாலும் டாக்கைத்தான் பார்ப்பார்கள், அதனால் நான் இப்போது அதில்தான் எழுதுகிறேன்.

இதற்கென்று செயலி எல்லாம் இருக்கிறது, இரண்டு மூன்று போட்டுப் பார்த்தேன். கடைசியில் விமானக் கதவுப் பையில் ஒரு நோட்டும், வீட்டில் ஒரு எக்செல் பக்கமும்தான் நின்றன. இறங்கினதும் ஷெட் கதவைச் சாத்துவதற்கு முன்னால் தேதி, டாக், பெட்ரோல், ஆயில் எழுதிவிடுவேன். அன்று ராத்திரியே எஞ்சின் காசைத் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுவேன். பரிசோதனை பில் வந்தால் பரிசோதனைக் கூலி ஒரு பத்தி, ரிப்பேர் ஒரு பத்தி. சேர்த்து எழுதினால் அடுத்த வருடம் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரியாது. ஆயிலும் பிளக்கும் டயரும் பைலட் லைசென்ஸ் வைத்திருக்கிற சொந்தக்காரரே மாற்றலாம், சட்டம் அனுமதிக்கிறது. கை அழுக்காகும் என்று நம் ஆட்கள் பலர் அதற்கும் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். போட்டுக்கு அடியில் படுத்து வளர்ந்தவனுக்கு அதில் என்ன வெட்கம்?

ஆசையை விடு என்று சொல்லவில்லை. கால்வெஸ்டன் பக்கம் கடல்மேல் திரும்பும்போது கீழே தண்ணீர் நிறம் மாறுகிற இடம் தெரியும். அங்கே ஆழம் என்று அப்பா காட்டித் தந்தது ஞாபகம் வரும். அவர் ஒருமுறைகூட என்னோடு ஏறியதில்லை, விசா கிடைக்கவில்லை. உச்சிப்புளியில் கடற்படை விமானம் இறங்கும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவரிடம், என் மகன் வைத்திருப்பது இதைவிடச் சின்னது என்பாராம். அக்கா சொன்னாள்.

மீன் கேட்டாயே. வியட்நாம்காரர்கள் கடையில் பார், தலையோடு கிடைக்கும். நம்மூர் ருசி வராது.

விமானத்தின் வால் எண்ணை எனக்கு அனுப்பு. பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று இங்கிருந்தே பார்த்துச் சொல்கிறேன். ஜூன் 20 நான் ஹூஸ்டனில் இருப்பேன், சேர்ந்து போய்ப் பார்ப்போம். அதுவரை முன்பணம் கொடுக்காதே. தேவிப்பட்டினத்தில் உங்கள் அம்மா ஏதாவது கொடுத்துவிட்டால் வாங்கி வருகிறேன், கருவாடு உட்பட.