பிரபஞ்சம் 27 முறை

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எல்.எஸ்.டி., மாயக்காளான் போன்ற போதைப் பொருள்கள் மூளையின் பூட்டைத் திறந்து படைப்பாற்றலைப் பெருக்குகின்றன என்று உலகமே பேசுகிறது. நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி ஒருவரே எல்.எஸ்.டி.க்குப் பெருமை சேர்த்திருக்கிறார். அந்தக் காளான் நம் குவாசுலு-நட்டால் மண்ணிலும் முளைக்கிறது. ஔவையார் கள் குடித்துத்தானே பாடினார்? காவடி எடுத்து மருளாடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? வீட்டில் சொன்னால் ‘சுகர்ஸ்’ என்ற போதைத்தூள் பிடிக்கும் பையன்களோடு சேர்த்துத் திட்டுகிறார்கள். காளான் தின்ற இரவில், தனியறையில் எழுதிய நெடுங்கவிதையை இணைத்துள்ளேன். வெளியிடுவீர்களா?

— பெயர் வேண்டாமென்ற வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: முதலில் கவிதை. 14 பக்கம், இரண்டு முறை படித்தேன். ‘பிரபஞ்சம்’ 27 முறை வருகிறது. ‘எல்லாம் ஒன்றே’ 9 முறை வருகிறது. எல்லாம் ஒன்றே என்று ஒன்பது தடவை சொன்னால் அது ஒன்பதாகிவிடுகிறது, தம்பி.

நீங்கள் பொய் எழுதியதாக நான் நினைக்கவில்லை. அன்றிரவு உங்களுக்கு எல்லாம் விளங்கியதாகவே தோன்றியிருக்கும். ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற அமெரிக்க மருத்துவருக்கும் அப்படித்தான் தோன்றியது. 1870இல் ஹார்வர்டு சொற்பொழிவு ஒன்றில் அவரே சொன்ன கதை இது. வரும் ஞானத்தை எழுதி வைத்துவிட வேண்டும் என்ற உறுதியோடு ஈதர் என்ற மயக்க மருந்தை நன்றாக முகர்ந்தார். மயக்கத்தில் உலக ரகசியம் முழுவதும் திறந்து கிடந்தது. தெளியத் தொடங்கியதும் தள்ளாடிக்கொண்டே மேசைக்குப் போய்க் கோணல் எழுத்தில் எழுதி வைத்தார். எழுதியது இதுதான்: “எங்கும் டர்பன்டைன் நெடி பலமாக வீசுகிறது.”

ஈதர் வேறு, காளான் வேறு என்பீர்கள். வேறுதான். காளானிலுள்ள சைலோசைபின் உடலுக்குள் சைலோசினாக மாறி, மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தை வாங்கிக்கொள்ளும் 2ஏ ஏற்பிகளைத் தூண்டுகிறது. மூளை பழக்கத்தால் வைத்திருக்கும் கணிப்புகளின் பிடி அப்போது தளர்கிறது என்று கருதுகிறார்கள். வழக்கமாக ஒன்றோடொன்று பேசாத பகுதிகள் பேசிக்கொள்கின்றன. சுவர் மூச்சுவிடுகிறது, கைரேகை ஆறாக ஓடுகிறது. எதைப் பார்த்தாலும் ‘இது முக்கியம், இது முக்கியம்’ என்று உள்ளே ஒரு மணி அடிக்கிறது. வில்லங்கம் அந்த மணியில்தான். பொருள் இருக்கும் இடத்திலும் அது அடிக்கும், இல்லாத இடத்திலும் அடிக்கும்.

இதை ஆராய்ந்தும் இருக்கிறார்கள். 2021இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தார் 60 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்குச் சைலோசைபினும் மற்றவர்களுக்குப் போலி மருந்தும் கொடுத்தார்கள். மருந்தின் பிடியில் இருந்தபோது, தங்களுக்குப் புதிய உள்ளொளி கிடைத்ததாக மருந்து எடுத்தவர்கள் சொன்னார்கள். ஆனால் சிந்தனைத் திறனைச் சோதிக்கும் பயிற்சிகளைக் கொடுத்தபோது அவர்களுடைய திறன் குறைந்திருந்தது. ஏழு நாள் கழித்துச் சோதித்தபோது புதுமையான யோசனைகளின் எண்ணிக்கை கூடியிருந்ததும் உண்மை. உங்கள் கட்சிக்கு இது ஒரு புள்ளி, மறைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் ஏழு நாள் எங்கே காத்திருந்தீர்கள்? அன்றிரவே எழுதி, மறுநாளே அஞ்சலில் சேர்த்துவிட்டீர்கள். உறையில் இருக்கும் முத்திரை சொல்கிறது.

தினமும் துளி அளவு எடுத்தால் போதும் என்போரும் உண்டு. அதே 2021இல் 191 பேர், எது எவருக்கு என்று தங்களுக்கே தெரியாதபடி, சிலர் மருந்துக் குளிகைகளையும் சிலர் வெற்றுக் குளிகைகளையும் விழுங்கிப் பார்த்தார்கள். மனம் தேறியதாகச் சொன்னார்கள், இரு சாராருமே.

இனி உங்கள் நோபல்காரர். கேரி மல்லிஸைத்தான் சொல்கிறீர்கள். டி.என்.ஏ.யைப் பல்கிப் பெருக்கும் பி.சி.ஆர். முறைக்காக 1993இல் வேதியியல் பரிசு பெற்றவர். எல்.எஸ்.டி. எடுத்திராவிட்டால் அதைக் கண்டுபிடித்திருப்பேனா என்பதே சந்தேகம் என்று சொன்னவர். ஆனால் அவர் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, ஒரு நிறுவனத்தில் டி.என்.ஏ. துண்டுகளைத் தயாரிக்கும் வேலையைத் தினமும் செய்துகொண்டிருந்தவர். 1983இல் ஓர் இரவு கலிஃபோர்னியா மலைச்சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது அந்த யோசனை வந்தது. இதே மல்லிஸ்தான் எச்.ஐ.வி.யால் எய்ட்ஸ் வருவதில்லை என்றும் அடித்துப் பேசினார். இந்த நாட்டில் இருந்துகொண்டு அதை மறக்க முடியுமா? அந்தக் கூற்றுக்கு அப்போதைய அதிபர் எம்பெக்கியின் அரசு செவிகொடுத்து எய்ட்ஸ் மருந்தைத் தாமதித்ததால் 2000க்கும் 2005க்கும் இடையில் 3,30,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணித்தார்கள். எய்ட்ஸ் பற்றிய பேச்சுக்கு எல்.எஸ்.டி. காரணம் என்று நான் சொல்லவில்லை. பி.சி.ஆருக்கு அது காரணம் என்று நீங்கள் சொல்வதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன். இரண்டையும் அவர் ஒரே உறுதியோடு சொன்னார். ஒன்றைச் சோதனைச்சாலை ஏற்றது, மற்றதை மருத்துவமனை வார்டு மறுத்தது.

ஔவையாரை இதில் இழுத்ததற்காக உங்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. நீங்கள் குறிப்பது புறநானூற்றின் 235ஆம் பாட்டு. சிறிதளவு கள் கிடைத்தால் அதியமான் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவன் மகிழ்ந்து குடிப்பான் என்கிறார். அடிக்கடி வரும் ‘மன்னே’யைக் கவனித்தீர்களா? ‘அது கழிந்தது’ என்று பொருள்படும் இடைச்சொல். அதியமான் செத்த பிறகு பாடிய கையறுநிலை அது. அதில் கள் இருக்கிறது, ஊற்றிக் கொடுத்தவன் இல்லை. போதையில் பிறந்த பாட்டு என்று அதைப் படித்தவர் இரண்டாவது அடியோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

காவடிக் கேள்வி அவ்வளவு மோசமில்லை. நம் கோயில்களில் பத்து நாள் விரதம் இருந்து, கூட்டத்தோடு, உடுக்கைக்கும் பாட்டுக்கும் நடுவே, விழுந்தால் தாங்கிக்கொள்ள அண்ணன் தம்பிகள் சூழ நடந்து வருகிறார்கள். ஆய்வுக்கூடத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தவரை முதலிலேயே விலக்கிவிடுகிறார்கள். மருந்தின் வேகம் தணியும்வரை, ஐந்தாறு மணி நேரம், ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நீங்களோ கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியே இருந்தீர்கள். மேலும், மருள் தெளிந்தவர் மோர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். அருள் வந்தபோது பேசியதைப் பதினான்கு பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புவதில்லை.

சுகர்ஸ் விஷயத்தில் உங்கள் வீட்டார் சொல்வது பாதி தவறு. ஹெராயின் கலந்த அந்தக் குப்பைபோல் காளான் உடலைப் பிடித்து ஆட்டி அடிமையாக்குவதில்லை. ஆனால் சாட்ஸ்வொர்த்தில் பிள்ளை பெற்ற தாய்க்கு இந்த வகைப்பாடெல்லாம் எடுபடாது. முன்பு மாண்ட்ராக்ஸ் என்ற போதை மாத்திரை, பிறகு சுகர்ஸ் என்று இரண்டு தலைமுறை பார்த்தவர்கள் அவர்கள். தனியிடத்தில் பயன்படுத்துவது குற்றமல்ல என்ற 2018 தீர்ப்பு டாகாவுக்கு, அதாவது கஞ்சாவுக்குத்தான். காளானை 1992ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தடை செய்கிறது. நட்டாலின் பெயரையே தாங்கிய காளான் இனம் ஒன்று உண்டு என்பதும் சரி, 1995இல் பதிவானது. ஓக் மரத்தடியில் முளைத்து ஈரலை அழிக்கும் நச்சுக்காளானும் இந்த நாட்டில் உண்டு. புல்வெளியில் நீங்கள் பொறுக்கியது எது என்று உங்களுக்குச் சொன்னது யார்?

கடைசியாக நான்காம் பக்கம். தகரக் கூரையில் மழை பலக்கும்போது உங்கள் ஆயா கதையைப் பாதியில் நிறுத்திவிடுவாள், மழை ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவாள் என்று நான்கு வரிகள். மற்ற பதின்மூன்று பக்கங்களில் ஓர் அடித்தல்கூட இல்லை. இந்த நான்கு வரிகளில் மட்டும் ஏழு இடத்தில் அடித்து, ஓரத்தில் வேறு மையில் திருத்தியிருக்கிறீர்கள்.

அந்த நான்கையும் அடுத்த இதழில் போடுகிறேன். மீதி திரும்பி வரும். மூன்றாவது வரியில் ‘தகறம்’ என்று இருந்தது, ‘தகரம்’ என்று மாற்றிவிட்டேன்.