ஹங்கேரி தருவது தானமில்லை, கணக்கு

போன சனிக்கிழமை திருச்செங்கோட்டிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் யோசனை கேட்டு வந்தது. அப்பா கையில் நிலப் பத்திரத்தின் ஜெராக்ஸ். நீட்டில் மகனுக்கு அரசு இடத்துக்கான மார்க் வரவில்லை. "ஹங்கேரியில எம்பிபிஎஸ் சேத்துடலாம், ஒன்றரை ஏக்கரைக் குடுத்துடுங்கன்னு மச்சான் சொல்றாருங்க" என்றார். மகன் வாயே திறக்கவில்லை. அவன் நகக்கண்ணில் கிரீஸ் படிந்திருந்தது. வீட்டு பைக்கைப் பிரித்துப் பூட்டுவது அவன்தானாம்.

ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தேன். பத்திரத்தைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது. "விக்காதீங்க" என்றேன். அங்கே மருத்துவத்துக்கு ஆண்டுக் கட்டணமே 15,000 டாலருக்கு மேல். ஆறு வருஷம் முடித்து வந்தாலும் இங்கே தகுதித் தேர்வு எழுதணும். மச்சானா பணம் கட்டப் போகிறார்?

நாடு மட்டும் மச்சான் சொன்னதே இருக்கட்டும், படிப்பை மாற்றுங்கள் என்றேன். ஹங்கேரி அரசே உதவித்தொகை தருகிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. ஒரு கோடிப் பேர்கூட இல்லாத நாடு அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்துகொண்டே, 2010-ல் ஆட்சிக்கு வந்த பிரதமர் ஓர்பானின் அரசு 'கிழக்கு நோக்கிய திறப்பு' என்று ஒரு கொள்கை வகுத்தது. மேற்குச் சந்தையை மட்டும் நம்பினால் 2008 உலக நிதி நெருக்கடி மாதிரி அடி விழும் என்ற பயம். அணு உலைக்கு ரஷ்யா, பேட்டரி ஆலைக்குச் சீனா என்று போனார்கள். நம்ம அப்போலோ டயர்ஸும் 2017-ல் அங்கே ஆலை திறந்தது. அந்தக் கொள்கையின் ஒரு கிளைதான் 2013-ல் வந்த 'ஸ்டிபெண்டியம் ஹங்கேரிகம்' உதவித்தொகை. அவர்களுக்குக் கிழக்கில் நண்பர்கள் வேண்டும், நமக்குப் படிப்பு வேண்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இந்தியாவுக்கு ஆண்டுக்கு 200 இடம். கல்விக் கட்டணம் கிடையாது. விடுதி இடம் தருவார்கள், வெளியே தங்கினால் மாதம் 40,000 ஃபோரின்ட் (அந்நாட்டுப் பணம்). கைச்செலவுக்கு மாதம் 43,700 ஃபோரின்ட், நம் காசுக்குப் பத்துப் பன்னிரண்டாயிரம். அது சாப்பாட்டுக்கே இழுபறிதான். விமான டிக்கெட்டும் உங்கள் பொறுப்பு. அதற்கு மேல் மாதாமாதம் ஒரு தொகை அனுப்ப முடியாதென்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

இந்தப் பையனுக்கு நான் சொன்ன ஊர் டெப்ரெட்சென். ஆங்கிலத்திலேயே மூன்றரை வருஷ மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பிஎம்டபிள்யூவின் மின்கார் ஆலை அதே ஊரில். சீனாவின் சிஏடிஎல் நிறுவனம் 2022-ல் அறிவித்த 730 கோடி யூரோ பேட்டரி ஆலையும் அங்கேதான். நுழைவில் கணக்கும் இயற்பியலும் கேட்பார்கள். நல்லவேளை, பையன் பயோ-மேக்ஸ் குரூப். முதல் வருஷம் ஹங்கேரிய மொழி கட்டாயம். அதைச் சுமையாக நினைக்காதே, ஆலைக்குள் பேச்சு அதில்தான் என்றேன். அவன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

விண்ணப்பம் இரண்டு இடத்தில் போடணும். இந்த உதவித்தொகையை நடத்தும் ஹங்கேரியின் டெம்பஸ் அறக்கட்டளை இணையதளத்தில் ஒன்று, நம் மத்தியக் கல்வி அமைச்சகத்தில் ஒன்று. ஒன்றை விட்டாலும் போச்சு. வழக்கமாக ஜனவரி நடுவில் கெடு முடியும். விண்ணப்பக் கட்டணமே இல்லாததற்கு ஏஜென்ட் கமிஷன் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 200 இடத்துக்கு நாடே போட்டி போடும், அதனால் இங்கே கவுன்சலிங்கிலும் பெயர் இருக்கட்டும்.

பையனைத் திங்கட்கிழமை பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். அந்த ஜெராக்ஸை அம்மா வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.