தோட்டத்து வீடும் துப்பாக்கி உரிமமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கொங்குப் பகுதியில் தோட்டத்து வீடுகளில் தனித்திருந்த முதியவர்கள் நகைக்காகக் கொல்லப்பட்ட செய்திகள் வந்த நாளிலிருந்து, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்ப்புறங்களிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை துப்பாக்கியைப் பற்றியவையாகவே இருக்கின்றன. இவ்விரு மாவட்ட நீதிமன்றங்களிலும் நெடுங்காலமாகக் குற்றவியல் வழக்குகளை நடத்தி வருகிறேன். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு என்பது எனக்குத் தெரியும். துப்பாக்கி வீட்டுக்குள் வந்த பிறகு தொடங்கும் பொறுப்பைப் பலரும் வாங்குவதற்கு முன் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதும் தெரியும். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே மாந்தோப்புக்குள் வீடு. நானும் மனைவியும் மட்டுமே இருக்கிறோம், இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். எங்களுக்கு உரிமம் கிடைக்குமா? கிடைத்தால் எந்த வகைத் துப்பாக்கி பொருத்தமானது?

பதில்: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும்தான் இதற்கு அடிப்படை. 21 வயது நிறைந்த எவரும் மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பிக்கலாம். காவல் துறை விசாரித்து அறிக்கை தரும். வருவாய்த் துறையும் வீட்டையும் சுற்றுப்புறத்தையும் பார்த்துச் செல்வது வழக்கம். "பாதுகாப்புக்காக" என்று ஒற்றைச் சொல்லில் எழுதப்பட்ட விண்ணப்பங்கள் திரும்பி வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அடுத்த வீடு எவ்வளவு தொலைவில் இருக்கிறது, காவல் நிலையம் எத்தனை கிலோமீட்டர், முன்பு திருட்டு நடந்ததா, நடந்திருந்தால் புகார் கொடுத்து அதற்கான ரசீது வைத்திருக்கிறீர்களா என்பனவற்றை விண்ணப்பத்தில் விளக்கமாக எழுதுங்கள். மறுப்பதாக இருந்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 14ஆம் பிரிவு கூறுகிறது. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி மறுக்க முடியாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. மறுப்பாணையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 18ஆம் பிரிவு வழி தருகிறது.

வகையைப் பொறுத்தவரை சட்டமே ஒரு குறிப்பைத் தருகிறது. குழலின் நீளம் 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கியைப் பாதுகாப்புக்காகக் கேட்பவருக்கு, விலக்கி வைக்க வேறு காரணம் இல்லையென்றால் உரிமம் வழங்க வேண்டும் என்கிறது 13ஆம் பிரிவு. நம் ஊரில் ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் என்று சொல்லப்படும் 12 போர் துப்பாக்கி இந்த வகையைச் சேர்ந்தது. ரிவால்வர், பிஸ்டல், ரைஃபிள் கேட்பவர் தகுந்த காரணத்தைக் காட்டி அதிகாரியை நம்பவைக்க வேண்டும்.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் என் கருத்து அதுவே. .315 ரைஃபிளின் குண்டு குறி தவறினால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் உயிரைக் குடிக்கும். தோப்புக்கு அப்பால் ஊர் இருக்கிறது. கைத்துப்பாக்கியைப் பதற்றத்தில் நடுங்கும் கையில் நேராகப் பிடிப்பது இளைஞர்களுக்கே எளிதன்று. ரவை எனப்படும் சிறு ஈய மணிகள் நிறைந்த தோட்டா போடும் 12 போர் துப்பாக்கியின் வீச்சு குறைவு. அதைத் தோளில் அணைத்துப் பிடிக்கலாம். ஆனால் அதன் எடையும் உதைப்பும் உங்கள் வயதில் ஒரு கேள்விதான். வாங்குவதற்கு முன், விதிகள் கட்டாயமாக்கியுள்ள பாதுகாப்புப் பயிற்சியின்போது, உங்கள் தோள் அதைத் தாங்குகிறதா என்று நேர்மையாகப் பாருங்கள். தாங்கவில்லை என்றால் அந்தப் பணத்தை இரும்புக் கதவிலும் நான்கு மூலை விளக்கிலும் செலவிடுங்கள் என்றுதான் என் பெற்றோருக்கும் சொல்லியிருப்பேன்.

கேள்வி: இரவில் திருடன் வீட்டுக்குள் நுழைந்தால் உரிமம் உள்ள துப்பாக்கியால் சுடலாம் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். சரிதானா? (பாலக்கோடு)

பதில்: பாதிதான் சரி. மீதிப் பாதியை நம்பியவர்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உரிமம் துப்பாக்கியை வைத்துக்கொள்ள மட்டுமே அனுமதி தருகிறது. சுட்டது சரியா தவறா என்பதை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தீர்மானிக்கின்றன. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவையே இவை. உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆனால் 37ஆம் பிரிவு இரண்டு வேலிகளைப் போடுகிறது: காவல் துறையின் உதவியை நாட நேரம் இருக்கும்போது இந்த உரிமை இல்லை, தற்காப்புக்குத் தேவையானதை விட அதிகமான தீங்கை விளைவிக்கவும் உரிமை இல்லை.

உடைமையைக் காக்கும்போது எதிராளிக்கு மரணம் விளைவிக்கும் அளவுக்குப் போகக்கூடிய சூழ்நிலைகளை 41ஆம் பிரிவு எண்ணிச் சொல்கிறது. கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடக்கும் வீடுடைப்பு, குடியிருக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தல், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச வேண்டிய நிலையில் நடக்கும் திருட்டு அல்லது வீட்டு அத்துமீறல் ஆகியவை அவை. இங்கே "வீடு" என்ற சொல்லைக் கவனியுங்கள். பூட்டை உடைத்தோ ஓட்டைப் பிரித்தோ நீங்கள் படுத்திருக்கும் கட்டடத்துக்குள் நுழைபவன் வேறு. தோப்பில் மாங்காய் பறிப்பவனும், கிணற்றடியில் மோட்டார் ஒயரை அறுப்பவனும் வேறு. பின்னவர்கள் திருடர்கள்தாம், உங்கள் உயிருக்கு ஆபத்தான நிலை இல்லாதவரை அவர்களைக் கொல்லும் அளவுக்குச் செல்ல உங்களுக்கு உரிமை இல்லை. வீடுடைப்புக்கு எதிரான உரிமையும் அவன் உள்ளே இருக்கும்வரைதான் தொடர்கிறது என்று 43ஆம் பிரிவு கூறுகிறது. நகையோடு வரப்பைத் தாண்டி ஓடுபவனின் முதுகில் ரவை பாய்ந்தால், பிரேதப் பரிசோதனை அறிக்கையின் ஒரு வரியே உங்களுக்கு எதிரான முதல் சாட்சியாகும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். இரவு மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் போடக் கிளம்பிய ஒருவர், வழக்கமான பாதையில் சேறாக இருந்ததால் பங்காளியின் வீட்டுக் கொல்லை வழியாக நடந்தார். நாய் குரைத்தது. திண்ணையில் இருந்தவர் "யாரது?" என்று ஒருமுறை கேட்டார், காற்றில் பதில் கேட்கவில்லை, அசைவு தெரிந்த திசையில் இரட்டைக் குழலில் ஒன்றைச் சுட்டார். காலையில் நான் போனபோது படிக்கட்டில் சிவப்பு நிறக் காலித் தோட்டா கிடந்தது. அதைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டிருந்தார்கள். பங்காளி பிழைத்துக்கொண்டார், தொடையில் ஏறிய ரவைகளில் சிலவற்றை எடுக்க முடியவில்லை. சுட்டவருக்குத் துப்பாக்கி பறிமுதலாகி, உரிமம் இடைநிறுத்தப்பட்டு, வழக்கு ஆறு ஆண்டுகள் இழுத்தது. அவர் கையில் டார்ச் விளக்கு இருந்தது. அதை அவர் அடிக்கவில்லை.

தற்காப்பு என்று வாதிட்டால் அதைக் காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 108ஆம் பிரிவு அவ்வாறு கூறுகிறது. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நிகழ்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஆபத்தில் இருப்பவர் ஒவ்வொரு அடியையும் பொன் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டின் தர்ஷன் சிங் வழக்கில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நல்லெண்ணத்தோடு, முன்திட்டமின்றி எல்லை மீறிவிட்டால் கொலைக் குற்றம், கொலை ஆகாத மரணம் விளைவிக்கும் குற்றமாகக் குறையும். ஆனால் அதற்கும் ஆயுள் தண்டனை வரை இடம் உண்டு.

கேள்வி: தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று பரணில் இருக்கிறது. உரிமம் கிடையாது. யாரும் தொட்டதில்லை. அப்படியே விட்டுவிடலாமா? (அஞ்செட்டி)

பதில்: விடக்கூடாது. தொடாமல் வைத்திருப்பதும் சட்டத்தின் பார்வையில் வைத்திருப்பதுதான். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு, ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. கருமருந்தும் பால்ரஸ் குண்டும் பக்கத்தில் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

மலைக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக முன்வந்து ஒப்படைக்குமாறு இரு மாவட்டக் காவல் துறையும் அவ்வப்போது வேண்டுகோள் விடுக்கின்றன. அந்த வாய்ப்பைப் பயன்படுத்துங்கள். ஆனால் அதைச் சாக்கில் சுற்றிப் பேருந்தில் ஏறாதீர்கள். வழியில் பிடிபட்டால் ஒப்படைக்கத்தான் கொண்டுபோனேன் என்பதை யாரும் நம்பமாட்டார்கள். முதலில் ஒரு வழக்கறிஞர் மூலமாகவோ கிராம நிர்வாக அலுவலர் மூலமாகவோ காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்லும் முறையில் பகலில் ஒப்படைத்து, கையெழுத்திட்ட ஒப்புகையைப் பெற்றுக்கொள்ளுங்கள். பழைய நாட்டுத் துப்பாக்கியின் குழல் துருவேறி வெடித்து, சுட்டவரின் விரல்களையே கொண்டுபோன நிகழ்வுகள் உங்கள் பகுதியில் பெரியவர்களுக்குத் தெரியும், கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: தேன்கனிக்கோட்டை அருகே காட்டை ஒட்டிய நிலம். யானை ராகிக் கொல்லைக்குள் வருகிறது, வீட்டுச் சுவரையும் இடித்திருக்கிறது. உரிமம் கேட்டால் வனத்துறை ஒப்புதல் வேண்டும் என்கிறார்கள். அது எதற்கு?

பதில்: 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய துப்பாக்கி உரிமம் வழங்குவதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். உங்கள் பகுதியைத் தொட்டுக்கொண்டு 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. ஆகவே அது அலுவலகத்தில் யாரோ புதிதாக வைத்த தடை அன்று.

ஆனால் யானைக்காகத் துப்பாக்கி கேட்பதானால், வேண்டாம் என்றே சொல்வேன். யானை அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், உயர்ந்த பாதுகாப்புப் பெற்றவற்றுள் ஒன்றாக உள்ள உயிரினம். அதை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை என்று அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. பயிரையும் சுவரையும் காக்க அந்த விலக்கு இல்லை. ரவைக் காயம் பட்ட யானை ஓடி ஒளிவதில்லை. வெறியோடு அடுத்த வீட்டுக்குப் போகிறது. மின்வேலியும் வேண்டாம். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் இறந்து கிடந்ததும், குட்டிகள் இரண்டும் தாய்மாரைச் சுற்றி வந்ததும் நம் மாவட்டத்தார் மறக்கக்கூடியதன்று. பயிர்ச்சேதத்துக்கும் வீட்டுச் சேதத்துக்கும் வனத்துறையிடம் இழப்பீடு கேளுங்கள். சேதத்தை அன்றே படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டுமா? (ஊத்தங்கரை)

பதில்: வெளிவரும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் குழல் விட்டம் .177 அங்குலத்துக்கு மேற்படாமலும் இருந்தால் வேண்டாம். ஆனால் அதைக் காட்டித் திருடனை மிரட்டலாம் என்று எண்ணாதீர்கள். எதிரில் நிற்பவன் அதை உண்மைத் துப்பாக்கி என்று நம்பினால், உயிருக்குத் துணிந்து உங்கள் மேல் பாய்வான்.

கேள்வி: அப்பா இறந்துவிட்டார். அவருடைய இரட்டைக் குழல் துப்பாக்கி பீரோவில் இருக்கிறது. உரிமம் அவர் பெயரில் இன்னும் இரண்டு ஆண்டுக்கு இருக்கிறது. (அரூர்)

பதில்: உரிமம் அப்பாவோடு முடிந்துவிட்டது, தாளில் உள்ள தேதி உங்களைக் காக்காது. ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி துப்பாக்கியையும் தோட்டாக்களையும் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படையுங்கள். பிறகு வாரிசு என்ற முறையில், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தோடு, உங்கள் பெயரில் உரிமம் கேட்கலாம். கருமாதி முடியட்டும் என்று காத்திருந்து மாதங்களைக் கடத்திய குடும்பங்களை நான் நீதிமன்றத்தில் பார்த்திருக்கிறேன். 70 வயது கடந்தவரோ, 25 ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருந்தவரோ தம் வாழ்நாளிலேயே வாரிசுக்கு மாற்றித்தர விதிகள் இடம் தருகின்றன. பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துகொள்வது நல்லது.

கேள்வி: நான் ஓசூரில் பணிபுரிகிறேன், பல இரவுகள் வீட்டில் இருப்பதில்லை. பென்னாகரம் அருகே ஊரில் மனைவியும் பள்ளி செல்லும் மகனும் இருக்கிறார்கள். என் பெயரில் உரிமம் வாங்கி அவர்களுக்காக வைத்துவிட்டு வரலாமா?

பதில்: வைத்துவிட்டு வரக் கூடாது. உரிமம் உங்கள் பெயருக்கு மட்டுமே. நீங்கள் இல்லாதபோது மனைவி அதை எடுத்தால் உரிமமின்றி ஆயுதம் ஏந்தியவராவார், உங்கள் மேலும் நிபந்தனை மீறல் வரும். அவருக்குத் தேவை என்றால் அவர் பெயரிலேயே விண்ணப்பியுங்கள். பயிற்சியும் அவரே பெற வேண்டும். ஊரில் உள்ள வீடும் சரணாலயத்துக்கு அருகில் இருந்தால் மேலே சொன்ன 10 கிலோமீட்டர் விதி அவருக்கும் பொருந்தும்.

மகனைப் பற்றி எழுதியிருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தலையணைக்கு அடியில், அரிசி மூட்டைக்குப் பின்னால், சாமி அறையில் என்று துப்பாக்கி வைத்திருந்த வீடுகள் எனக்குத் தெரியும். அந்த இடத்தை முதலில் கண்டுபிடிப்பது பிள்ளைகள்தாம். துப்பாக்கி சுவரில் பதித்த இரும்புப் பெட்டியில், தோட்டா இன்றி, பூட்டோடு இருக்க வேண்டும். தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு சாவியோடு இருக்க வேண்டும். அப்படி வைத்தால் நள்ளிரவில் எடுக்க நேரம் ஆகுமே என்று கேட்பீர்கள். ஆகும். அந்த நேரத்தைக் கதவும் தாழ்ப்பாளும் வாங்கித்தர வேண்டும். ஆகவே முதலில் படுக்கையறைக்கு உள்ளிருந்து தாழிடக்கூடிய கனமான கதவைப் போடுங்கள். முற்றத்து விளக்கின் சுவிட்சை அந்த அறைக்குள் கொண்டுவாருங்கள். மனைவியின் செல்பேசியில் தமிழ்நாடு காவல் துறையின் காவல் உதவி செயலியை ஏற்றி, 112 எண்ணுக்கு அழைத்து வீட்டுக்கு வரும் வழியை எப்படிச் சொல்வது என்று, எந்தக் கோவில் திருப்பம், எத்தனையாவது மின்கம்பம் என்பதுவரை, மகனுக்கும் சேர்த்து ஒருமுறை சொல்லிப் பழக்கிவிடுங்கள்.