நடுவரைத் திட்டிவிட்டேன், மகனுக்குத் தண்டனை வருமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறோம். மகன் 12 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணியில் ஞாயிறுதோறும் ஆடுகிறான். போன வாரம் ஓர் ஆஃப்சைடு முடிவுக்காக நடுவரைத் திட்டிவிட்டேன். அவர் ஆட்டத்தை நிறுத்தி, எங்கள் கோச்சை அனுப்பி என்னை அடக்கச் சொன்னார். மகன் பெயரில் ஏதும் பதிவாகுமா? 'அகாடமிக்குத் (தொழில்முறைக் கிளப்பின் சிறுவர் பயிற்சிப் பிரிவுக்கு) தெரிந்தால் போச்சு, நான் சரிக்கட்டுகிறேன்' என்று அங்கே ஒரு 'ஸ்கவுட்' (கிளப்புகளுக்குத் திறமையான சிறுவர்களைத் தேடித்தருபவர்) சொல்கிறாரே?

பதில்: பையன் பெயரில் எதுவும் பதிவாகாது. மஞ்சள், சிவப்பு அட்டைகள் ஆட்டக்காரர்களுக்கும், 2019 முதல் கோச் போன்ற அணி நிர்வாகிகளுக்கும்தான். பெற்றோருக்கு அட்டை காட்ட நடுவருக்கு அதிகாரமில்லை. முதலில் ஆட்டத்தைச் சற்று நிறுத்தி, கோச் வழியாகச் சொல்லி அனுப்புவார். அடங்காவிட்டால் கொஞ்ச நேரம் ஆட்டத்தை இடைநிறுத்திவைப்பார். அதற்கும் மசியாவிட்டால் கைவிட்டுவிடுவார். உங்கள் விஷயம் முதல் படியோடு நின்றிருக்கிறது.

நடுவர் அறிக்கை எழுதினால் கௌண்டி எஃப்.ஏ. என்கிற வட்டாரக் கால்பந்துச் சங்கத்துக்குப் போகும். பார்வையாளர் நடத்தைக்குக் கிளப்தான் பொறுப்பு, அபராதமும் அதற்கே. கத்துவது ஒருவர், கட்டுவது சம்பளமில்லாமல் கோல் வலை மாட்டுகிற தொண்டர்கள். சீசன் தொடக்கத்தில் நடத்தை விதித்தாளில் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். படித்தவர் எவரையும் காணோம். கிளப் சலித்துப்போய் அடுத்த சீசன் பையனைச் சேர்க்க மறுத்தால்தான் உங்களுக்குக் கஷ்டம். ஆகவே அடுத்த ஆட்டத்துக்கு முன் கோச்சிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

ஒரே விலக்கு, அதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். அன்று உங்கள் கையில் எல்லைக்கோட்டு உதவி நடுவரின் கொடி இருந்ததா? ஆள் போதாமல் கோச் ஓர் அப்பாவைப் பிடித்து லைன் பார்க்கச் சொல்வது இந்த வயது ஆட்டங்களில் வழக்கம். கொடியை வாங்கிய பிறகு நீங்கள் பார்வையாளர் இல்லை, ஆட்டத்தில் பங்கேற்பவர். திட்டினால் விவகாரம் கிளப்போடு நிற்காது, உங்கள் பெயரிலேயே குற்றச்சாட்டு வரலாம். உதவிக் கோச் என்று கிளப்பில் பெயர் கொடுத்திருந்தாலும் இதே கதிதான். 'நான் சும்மா உதவிக்கு நின்றேன்' என்பது செல்லாது. கோபக்காரர் என்றால் கொடியை வாங்கவே வாங்காதீர்கள்.

ஞாயிறு தாராளமாகப் போங்கள். எல்லைக்கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி ஒரு கோடோ, கயிறோ, கூம்புகளோ இருக்கும். அதற்குப் பின்னால், கோச்சுகளுக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் வேண்டாம். கோச் பக்கமும் வேண்டாம்: அந்தப் பகுதியிலிருந்து யாரோ திட்டி, ஆள் அடையாளம் தெரியாவிட்டால் அங்கிருக்கும் மூத்த கோச்சுக்கே அட்டை.

கைதட்டலாம், பெயர் சொல்லி உற்சாகப்படுத்தலாம். 'வெளியே அடி!' மட்டும் ஆகாது. கோல்கீப்பர் பக்கத்து டிஃபெண்டருக்குப் பந்தை உருட்டி ஆட்டத்தைத் தொடங்கும்படி கோச் பழக்கியிருப்பார். எதிரணிப் பையன் நெருங்கும்போது அப்பா குரல் கேட்கும். பையன் பந்திலிருந்து கண்ணை எடுத்து உங்களைப் பார்ப்பான். அதற்குள் பந்து பறிபோயிருக்கும். 'ஏன் விட்டாய்?' என்று காரில் கேட்பதும் அதே அப்பாதான்.

இங்கே 14 வயதிலேயே நடுவராகலாம். நீங்கள் திட்டியவரும் பள்ளி மாணவராக இருக்கலாம். அவரை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் அது சிறுவர் பாதுகாப்புப் புகாராகிவிடும். குறை இருந்தால் கிளப் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.

இனி அந்த 'ஸ்கவுட்'. கோச்சைத் தாண்டி நேரே பெற்றோரிடம் வருகிறார் என்றாலே உஷாராகுங்கள். தொழில்முறைக் கிளப்பின் ஸ்கவுட்டிடம் அடையாள அட்டை இருக்கும். கேளுங்கள், பெயரைக் குறித்துக்கொண்டு கிளப் அகாடமிக்கு நீங்களே போன் போடுங்கள். அவர் தரும் எண்ணுக்கு அல்ல. உண்மையான அகாடமி பெற்றோரிடம் கட்டணம் வாங்குவதில்லை. பெரிய கிளப்பின் சின்னத்தோடு 'எலைட்', 'டெவலப்மென்ட்' என்று காசுக்கு நடக்கும் வகுப்புகள் அகாடமி அல்ல. பயிற்சி என்று நினைத்துப் போனால் சரி, வாசல் என்று நினைத்துக் கொட்டிக்கொடுக்காதீர்கள். 'நான் ஏஜென்ட்' என்பாரானால், ஆட்டக்காரருக்கு 16 வயதாகும் ஆண்டின் ஜனவரி 1க்கு முன் ஒப்பந்தம் போடவே இங்கே அனுமதியில்லை. உங்கள் பையனுக்கு இன்னும் வருடங்கள் கிடக்கின்றன. பையன் பெயரில் பதிவே இல்லாதபோது இந்த ஆள் எதைச் சரிக்கட்டப்போகிறார்? பணப் பேச்சை எடுத்தால் அவர் பெயரைக் கிளப்பில் சிறுவர் பாதுகாப்பைக் கவனிக்கும் வெல்ஃபேர் ஆபீசரிடம் கொடுத்துவிடுங்கள்.