குதிரை ட்ரெய்லரில் தீவனத் தொட்டி உடைந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: பொள்ளாச்சி அருகே சிறிய குதிரையேற்றப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். நானும் மனைவியும், உதவிக்கு ஒரு பையனும்தான். இரண்டு குதிரை ஏற்றும் ட்ரெய்லரை ஒரு பாடி கட்டும் பட்டறையில் 4.80 லட்ச ரூபாய்க்குச் செய்து வாங்கினேன். எட்டே மாதத்தில் உள்ளே இருந்த ஃபைபர் தீவனத் தொட்டிகள் இரண்டும் பிடிமானத்தோடு பிய்ந்துவிட்டன. அந்தியூர் சந்தைக்குப் போகும் வழியில் உடைந்த விளிம்பு கிழித்து ஒரு குதிரைக்குக் கண்ணிமையில் தையல் போட வேண்டியதாயிற்று. பட்டறைக்காரரோ, "குதிரை கடிச்சா உடையத்தான் செய்யும். ஃபிட்டிங்ஸுக்கு வாரண்டி இல்லைன்னு பில்லிலேயே போட்டிருக்கு" என்கிறார். நானே வெல்டிங் வைத்துக்கொள்ளட்டுமா, வழக்குப் போடட்டுமா?

பதில்: வெல்டிங்கைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். இந்த மாதிரி வழக்கில் சண்டையே உடைந்த இடத்தைப் பற்றித்தான். அதை நீங்களே மாற்றிவிட்டால் எதிர்த்தரப்புக்கு வேலை மிச்சம். தீங்கு நேர்ந்த சமயத்தில் பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தாலோ தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ, விற்றவர்மீது பொருள் பொறுப்பு வழக்கு (குறையுள்ள பொருளால் வந்த தீங்குக்கு இழப்பீடு கேட்பது) நிற்காது என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-வது பிரிவு சொல்கிறது. 'அப்போதே மாற்றியிருந்தார்' என்று சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். போல்ட் துளைகள் வட்டமாக இல்லை, முட்டை வடிவில் இழுபட்டிருக்கின்றன. விரிசல் துளையிலிருந்து கிளம்பி வெளிப்பக்கம் ஓடுகிறது. தகட்டின் பின்புறம் தாங்கு பட்டையும் இல்லை, போல்டுக்கு அகலமான வாஷரும் இல்லை. குதிரை கடித்து உடைந்திருந்தால் பல் தடம் மேல் விளிம்பில் இருக்க வேண்டும். அங்கே கீறல்கூட இல்லை. இது கடி அல்ல, கட்டிய விதம் என்பது என் கருத்து. ஆனால் வக்கீல் கருத்து சாட்சியம் ஆகாது. ஒரு சார்ட்டர்ட் இன்ஜினியரை வரவழைத்து அறிக்கை வாங்குங்கள். உடைந்த துண்டுகளைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையமே அதே சட்டத்தின் 38-வது பிரிவின்கீழ் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும்.

அடுத்தது, நீங்கள் 'நுகர்வோர்'தானா என்ற கேள்வி. வணிக நோக்கத்தில் வாங்கியவருக்கு நுகர்வோர் ஆணையத்தில் இடமில்லை. சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்த வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. 1995-ல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே அலசியது. கோவையிலிருந்து வாங்கிய இயந்திரம் பற்றிய வழக்கு அது, வாங்கியவர் தோற்றார். ஆனாலும் தீர்ப்பு உங்களுக்கு உதவும்: வாங்கியவர் தானே இயக்கி, உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்கிறது. எனவே புகார் மனுவின் ஆரம்பத்திலேயே, பள்ளிதான் உங்கள் பிழைப்பு, ட்ரெய்லரை ஓட்டுவது நீங்கள்தான் என்று எழுதிவிடுங்கள். அதை எழுத மறந்து தள்ளுபடியாகும் மனுக்கள் ஏராளம். ஒருவேளை ஆணையம் ஏற்காவிட்டால், 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16, 59 பிரிவுகளின்கீழ் சிவில் நீதிமன்றம் போகலாம்.

பில்லில் இருக்கும் அந்த வரிக்கு அளவுக்கு மீறிப் பயப்பட வேண்டாம். குதிரை ஏற்ற என்று சொல்லித்தான் வண்டியைக் கட்டக் கொடுத்தீர்கள். தீவனத் தொட்டி அதன் அங்கம். எட்டு மாதம் தாங்காதது குறைபாடு என்ற வாதமே உங்களுக்குப் போதும். அந்த வரியை நியாயமற்ற ஒப்பந்தம் என்று ரத்து செய்யக் கேட்டால் மட்டும் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டிவரும். மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. எனவே அதைக் கேட்காதீர்கள்.

நீங்கள் குடியிருக்கும் மாவட்டம் என்பதால் கோவை மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். விலை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டுகள். முழு வண்டிக்கும் பணம் திருப்பிக் கேட்காதீர்கள், அது நிற்காது. தொட்டிகளைத் தாங்கு பட்டையோடு மாற்றித் தரவோ அதற்கான செலவைத் தரவோ கேளுங்கள். குதிரையின் சிகிச்சைச் செலவையும் நியாயமான இழப்பீட்டையும் சேருங்கள். குதிரை வேறு சொத்து. அதற்கு ஏற்பட்ட காயம் சட்டப்படி 'தீங்கு' என்ற கணக்கில் வரும். கால்நடை மருத்துவரின் சான்றில் தேதியும் காயத்தின் காரணமும் இருக்கட்டும்.

ஒரு முன்னெச்சரிக்கை. குறுக்கு விசாரணையில் "எவ்வளவு வேகத்தில் போனீர்கள்?" என்று கேட்பார்கள். சரக்கு வாகனத்தில் குதிரை ஏற்றினால் மணிக்கு 35 கி.மீ.-ஐத் தாண்டக்கூடாது என்கின்றன 1978-ம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகள். நெடுஞ்சாலையில் நடைமுறையில் யார் கடைப்பிடிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதுத் தொட்டி வரும்வரை புல் வலை (புல்லை அடைத்துத் தொங்கவிடும் நைலான் வலைப்பை) போதும். அதை இரும்பு வளையத்தில் நேரடியாகக் கட்டாமல், நடுவே மெல்லிய சணல் கயிறு கொடுத்து, குதிரையின் கால் எட்டாத உயரத்தில் கட்டுங்கள். குளம்பு சிக்கினாலும் சணல் அறுந்து குதிரை தப்பும். வெயிலில் தொங்கவிட்டால் நைலான் சீக்கிரம் இற்றுப்போகும், பயணம் முடிந்ததும் கழற்றி வையுங்கள்.

புதுத் தொட்டி வந்தபின் வெல்லத் தண்ணீர் கலந்த தவிட்டை அதில் மிச்சம் விடாதீர்கள். அது புளித்துப் போல்டைத்தான் முதலில் அரிக்கும். போல்டுக்கு அடியில் ரப்பர் வாஷரும், அதிர்வில் கழலாத நைலாக் நட்டும் போடச் சொல்லுங்கள். குதிரையின் கயிற்றைத் தொட்டியின் பிடிமானத்தில் கட்டும் பழக்கம் பையனுக்கு இருந்தால் நிறுத்துங்கள். அது தொட்டிக்கும் கேடு, வழக்குக்கும் கேடு. கழுவியது, நட்டு முறுக்கியது எல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் ஏறட்டும். 'பராமரிக்கவில்லை' என்ற வாதத்துக்கு அந்த நோட்டுதான் பதில்.

இப்போதைக்கு 15 நாள் அவகாசம் கொடுத்து, இன்ஜினியர் அறிக்கையின் நகலோடு, கிடைத்ததற்கான சான்று கேட்டு ஸ்பீட் போஸ்டில் அறிவிப்பு அனுப்புங்கள். பட்டறைக்காரர் தொட்டியை மாற்றித் தர முன்வந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளில், மருத்துவச் செலவு கைக்கு வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.