எத்தனை டிகிரி என்று பார்த்தீர்களா?

இந்தக் குளிர்காலத்தில் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து இமயமலைக்கு டிரெக்கிங் கிளம்பும் நண்பர்கள் பனிச்சரிவைப் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும். ராணுவத்தில் பல குளிர்காலங்கள் பனியில் நின்றவன் நான். இப்போது பாலக்கோட்டில் இருக்கிறேன்.

ஓசூர்: டிசம்பரில் பனி குறைவு. அப்போது ஆபத்தும் குறைவுதானே அண்ணா?

இல்லை தம்பி. பனிக்கு அடியில் தரை ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும். மேலே காற்று மைனஸ் 15, 20. நடுவில் பனி மெல்லியதாக இருந்தால், அடியிலிருந்து ஈரம் ஆவியாக மேலேறி, பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரைக் குருணை போல ஆக்கிவிடும். ஜனவரியில் காற்று அள்ளிக்கொண்டு வரும் பனி அதன்மேல் பலகையாக இறுகும். சாய்வான களத்தில் கேழ்வரகைப் பரப்பி, மேலே ஒரு கதவைப் போட்டது போலத்தான். நின்றுகொண்டிருக்கும், ஓர் ஆள் ஏறினால் கிளம்பிவிடும். நடக்கும்போது காலடியில் 'வும்ப்' என்று பனி அமுங்கினாலோ, விரிசல் ஓடினாலோ, வந்த வழியே திரும்புங்கள். பனிச்சரிவில் மாட்டும் மலையேறிகளில் பெரும்பாலோர், தாங்களோ கூட வந்தவரோ மிதித்துக் கிளப்பியதில்தான் மாட்டுகிறார்கள்.

தர்மபுரி: எந்த மாதிரி சரிவுக்குப் பயப்பட வேண்டும்?

30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவுக்கு. போனிலேயே அளக்கலாம். அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி அதிகம் தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். நிற்கும் இடம் சமதரை என்றால் தலைக்கு மேலே பாருங்கள். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத் அருகே மானாவில் சாலைத் தொழிலாளர்கள் 54 பேர் மாட்டினார்கள், 8 பேர் இறந்தார்கள். அவர்கள் மலையேறவில்லை, முகாமில் இருந்தவர்கள்.

அரூர்: எந்த மாதம் போனால் பயமில்லை?

மாதத்தை விடுங்கள். கனமாகப் பனி பெய்து நின்றபின் 24 மணி நேரமாவது சரிவுக்குப் போகாதீர்கள். அப்புறமும் சரிவின் சாய்வு எத்தனை டிகிரி என்று பாருங்கள்.

ஊத்தங்கரை: சத்தமாகப் பேசினால் பனி சரியும் என்கிறார்களே?

சரியாது. மனிதக் குரலின் அழுத்தம் அதற்குப் போதாது.

மீண்டும் ஊத்தங்கரை: பீரங்கியால் சுட்டுப் பனியை இறக்குகிறார்களே சார், அது சத்தம்தானே?

இல்லை. குண்டு பனியின்மேல் வெடிக்கிறது. அந்த அதிர்ச்சி பலகையை உடைக்கிறது.

காவேரிப்பட்டினம்: நானும் ஊத்தங்கரைக்காரர் பக்கம்தான். எங்கள் வழிகாட்டி கைதட்டக்கூட விடவில்லையே.

அவர் உங்களை அமைதியாக வைத்ததில் தப்பில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு பத்துப் பேர் ஒட்டி ஒட்டி ஒரே சரிவைக் கடந்தீர்களா, இடைவெளிவிட்டு ஒவ்வொருவராகக் கடந்தீர்களா? அதைச் சொல்லுங்கள். பேசாமல் இருந்தால் போதும் என்று நம்பிப் பலகைமேல் கூட்டமாக ஏறுவதுதான் எனக்குப் பயம். பனிக்கு உங்கள் எடைதான் தெரியும், குரல் தெரியாது. இதற்குமேல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

பென்னாகரம்: புதைந்தவர் எவ்வளவு நேரம் தாங்குவார்?

10, 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரைமணி தாண்டினால் நம்பிக்கை வேகமாகக் குறையும். சரிந்து வந்த பனி நின்றவுடன் காரை போல இறுகுவதால் விரலைக்கூட அசைக்க முடியாது. வெளியிலிருந்து ஆள் வரும்வரை நேரம் இருக்காது. கூட இருப்பவர்தான் தோண்ட வேண்டும். அதனால் ஒவ்வொருவரிடமும் பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி), குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும்.

2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் ஹனுமந்தப்பா என்பவரை ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று மருத்துவமனையில் அவரும் போய்விட்டார். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையன். 'ஆறு நாள் தாங்கினாரே' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு மற்ற ஒன்பது பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

பாலக்கோடு: பிப்ரவரியில் போகலாமா?

அரூர்காரருக்குச் சொன்னதுதான்.

போச்சம்பள்ளி: மகன் குழுவோடு போகிறான். ஏற்பாடு செய்பவரிடம் நான் என்ன கேட்க வேண்டும்?

சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிலையம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பார்க்கிறாரா, பாதி வழியில் திரும்பினால் பணத்துக்கு என்ன செய்வார் என்று கேளுங்கள் அம்மா. இரண்டாவது கேள்விக்கு அவர் தடுமாறினால் மகனை அனுப்பாதீர்கள்.