எடை இரட்டித்தால் வேகம் இரட்டிக்காது

வணக்கம். பாலித்தீன் தாளில் பாராசூட் செய்து, அது விழும் நேரத்தை அளந்த உங்கள் மகளின் சோதனையில் பிழை எதுவும் இல்லை. எடைக்காக 2 வாஷர் (போல்ட்டில் மாட்டும் இரும்பு வளையம்) கட்டியபோது தரைக்கு வர 2.8 விநாடி, 4 வாஷருக்கு 2 விநாடி என்று எழுதியிருக்கிறீர்கள். எடை இரட்டித்தால் நேரம் பாதியாக வேண்டாமா என்பது உங்கள் கேள்வி. வேண்டாம், அவள் அளந்திருப்பது மிக அழகான விடை!

பாராசூட் விரிந்த சற்று நேரத்தில் காற்றின் தடை எடைக்குச் சமமாகிவிடும். அதன்பின் வேகம் கூடாது. அந்தத் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு. ஆகவே எடை இரட்டித்தால் வேகம் ஏறத்தாழ 1.4 மடங்குதான் ஆகும் (1.4ஐ 1.4ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2). 2.8ஐ 2ஆல் வகுத்துப் பாருங்கள்.

வேகம் இரட்டிக்க எடை நான்கு மடங்காக வேண்டும். பாலித்தீன் தாள், நூல் இவற்றின் எடையையும் சேர்த்தே கணக்கிடச் சொல்லுங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

தாள் ஊஞ்சல்போல ஆடுகிறது என்றீர்களே, உள்ளே சேரும் காற்று ஓரங்களில் மாறி மாறிக் கசிவதால்தான். நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை போடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். நானும் அப்படித்தான் செய்தேன். கத்தரியால் வெட்டிய விளிம்பு கிழிந்துகொண்டே போனதால் செலோடேப் ஒட்ட வேண்டியிருந்தது.

இன்னொரு சோதனையும் செய்யலாம். எடையை இரட்டித்து, 40 செ.மீ. சதுரத் தாளுக்குப் பதில் 57 செ.மீ. தாள் கட்டட்டும். பரப்பும் இரட்டிப்பதால் நேரம் மறுபடி 2.8 விநாடியை ஒட்டி வரும். தாளின் எடையும் கூடும், அதற்கேற்ப வாஷரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.